வளையக்கோளுக்கு ஒரு கைப்பிடிச்சுவர்

இன்ப நல அங்கீகார ஆணையம் அந்த வீடியோ விளையாட்டுக்கு இழைத்த அநீதிகளை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுவது நல்லது. வரிசை மாறினால் அவர்களுக்குக் கோபம் வரும்.

முதலில் இருட்டைப் பிடுங்கினார்கள். விண்வெளி கறுப்பாக இருப்பது ஆடுகிறவர்களின் மனத்தைச் சோர்வடையச் செய்யக்கூடும் என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து நட்சத்திரங்களுக்கு நடுவே ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வெளிச்சம். அடுத்து ஈர்ப்பில் கை வைத்தார்கள். சின்ன நிலாவில் தாவினால் பஞ்சு போல மிதந்து இறங்கலாம், பெரிய கோளில் தாவினால் கல் போல விழலாம் என்றிருந்தது. கோளுக்கு ஒரு நீதியா என்று கேட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே ஈர்ப்பை விதித்தார்கள். மூன்றாவதாக, மிதந்து நகரும் பாறைகள். நகர்வதால் அவை வாகனங்கள். வாகனம் என்றால் ஓட்டுநர் வேண்டும். ஓட்டுநர் இல்லாததால் பாறைகள் நிறுத்தப்பட்டன. நான்காவது, ஒற்றைக்கண் பூதம். அதற்கு இன்னொரு கண் வைக்கச் சொன்னார்கள். வைத்தாயிற்று. இப்போது அது யாரையும் துரத்துவதில்லை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வழி சொல்கிறது.

ஐந்தாவது அநீதிக்கு நாள் குறித்திருந்தார்கள். அதுதான் பள்ளம்.

விளையாட்டைச் செய்தவளைத் தெருவில் தாவலக்கா என்பார்கள். சலவைக் கடைக்கு மேலே, இஸ்திரிச் சூடு தரை வழியாக ஏறிவரும் அறையில், அவளும் தங்கையும் உட்கார்ந்து உருவாக்கியது. தங்கை கோள்களை வரைந்தாள். அக்கா தாவல்களைச் செய்தாள். விண்வெளி உடுப்புப் போட்ட ஒரு குண்டுப் பொம்மை ஓடிவந்து ஒரு கோளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும், அவ்வளவுதான் கதை. ஆனால் உடைந்த நிலாவுக்கும் வளையக்கோளுக்கும் நடுவில் இருந்த பள்ளம் லேசில் தாண்ட முடியாதது. விழுந்து, மறுபடி விழுந்து, திட்டிக்கொண்டே விரல் பழகி, பொம்மையின் கால் நுனி அக்கரையைத் தொடுகிற அந்த நொடிக்காகத்தான் அவள் மற்ற அத்தனையையும் செய்திருந்தாள். இருட்டு போனபோது பொறுத்தாள். பூதத்துக்குக் கண்ணாடி மாட்டியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். பள்ளமும் போனால் மிஞ்சுவது வெறும் நடை.

பள்ளத்தில் பொம்மை விழுவதால், அதன் மேல் கைப்பிடிச்சுவருடன் பாலம் கட்ட வேண்டும் என்றது ஆணையம். இல்லையென்றால் அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் இல்லாத விளையாட்டு எந்தத் திரையிலும் ஓடக்கூடாது.

"ஆணையத்துல வந்து அழுதுடாதே," என்றாள் தங்கை, படியிறங்கும்போது.

"நீ வாயைத் திறக்காம இருந்தா நான் எதுக்குடி அழப்போறேன்?"

ஆணையத்தின் நடைபாதையில் பெஞ்சு நிறைய ஆட்கள். ஊஞ்சல் செய்கிறவர் ஒருவர், ஊஞ்சல் முன்னும் பின்னும் போவதற்கான காரணத்தை விளக்க வந்திருந்தார். சர்க்கஸ் கோமாளி ஒருவர் தன் சறுக்கி விழும் வித்தைக்கு அனுமதி கேட்டு வந்து, முகச்சாயம் வியர்வையில் வழிய உட்கார்ந்திருந்தார். தாவலக்காவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

உள்ளே ஆணையர், கண்காணிப்பாளர், எழுத்தர்.

"விழறதுல என்னம்மா சந்தோஷம்?" என்று தொடங்கினார் ஆணையர்.

"விழறதுல இல்ல சார். விழுந்துடுவோமோன்னு இருக்கறப்ப விழாம போறதுல."

"அப்ப பாலம் கட்டினா யாருமே விழமாட்டாங்களே. சந்தோஷம் கூடத்தானே செய்யும்?"

"பாலத்துல நடக்கறதுக்கு எதுக்கு சார் விண்வெளி? பஸ் ஸ்டாண்டு போதுமே," என்றாள் தங்கை.

"பஸ் ஸ்டாண்டைப் பதிவுல சேர்க்கணுமா சார்?" என்று கேட்டார் எழுத்தர்.

"வேண்டாம்."

கண்காணிப்பாளர் இன்னொரு குற்றத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். "விளிம்பை விட்டுக் கால் நழுவின பிறகும் தாவ அனுமதிக்கறதா தெரியுது."

"ஒரு இமைநேரம் சார். கண்ணுக்கும் விரலுக்கும் நடுவுல கொஞ்சம் தாமதம் இருக்குமில்ல, அதுக்கு ஈடா. அது ஆடறவங்களுக்கே தெரியாது. தன் சாமர்த்தியத்துல தாண்டினோம்னு நினைச்சுக்குவாங்க. அதுவும் ஒரு சந்தோஷம்தானே."

"விண்ணப்பிக்காதவங்களுக்குச் சலுகையா?" கண்காணிப்பாளர் மெய்யாகவே அதிர்ந்து போனார். அவர் பணிக்காலத்தில் இப்படியொரு ஊழலைக் கேள்விப்பட்டதில்லை.

தாவலக்கா மேசைமேல் கையை ஊன்றினாள். "ஒரே ஒரு தடவை நீங்க ஆடிப் பாருங்க சார்."

எழுத்தர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். காரணம் உண்டு. உரிய அதிகாரி ஒருவர் மகிழ்ந்ததாகப் பதிவானால்தான் எந்தப் பொருளுக்கும் அங்கீகாரம் வழங்க முடியும். ஆனால் பணி நேரத்தில் மகிழ்வது ஒழுங்கீனம். மகிழ்ந்த அதிகாரி அப்போதே விசாரணைக்கு உரியவர். ஆகவே ஆணையம் தொடங்கிய நாள் முதல் ஒரு பம்பரத்துக்குக்கூட அங்கீகாரம் கிடைத்ததில்லை. இதைத் தன் கண்டிப்புக்குச் சான்றாக ஆணையம் ஆண்டுதோறும் அறிக்கையில் போட்டுக்கொண்டது.

ஆணையர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஆடறேன். ஆனா மகிழமாட்டேன்."

அவள் பழைய பிரதியைத் திரையில் போட்டாள். இருட்டும் நகரும் பாறைகளும் ஒற்றைக்கண்ணுமாக, வெட்டுப்படாதது.

ஆணையர் ஓடினார். விழுந்தார்.

"வழுக்குது," என்றார். மறுபடி விழுந்தார்.

"சார், கொஞ்சம் பின்னாடி போய் ஓடிவந்தீங்கன்னா..." என்றார் கண்காணிப்பாளர்.

"எனக்குத் தெரியும்யா."

விழுந்தார். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "அவசரப்படறீங்க சார். கடைசி நுனி வரைக்கும் போய்த் தாவுங்க."

"உன்னைக் கேட்டாங்களா?" என்ற ஆணையர், கடைசி நுனி வரைக்கும் போனார். விழுந்தார்.

சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை. ஆணையர் காலணிகளைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளினார். தொலைபேசியில் மனைவி கூப்பிட்டார். "முக்கியமான விசாரணையில இருக்கேன்" என்று வைத்துவிட்டு, அவர் கூப்பிட்ட நேரத்தில் விழுந்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். தாவலக்கா திரையைப் பார்க்கவில்லை. அவர் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முரட்டுத்தனமாகக் குத்திக்கொண்டிருந்த விரல் மெல்ல மெல்லக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

பிறகு அது நடந்தது. உண்மையில் அவர் தாமதித்துவிட்டார். பொம்மையின் கால் விளிம்பை விட்டு நழுவிய பிறகுதான் அழுத்தினார். அவள் வைத்திருந்த இமைநேரம் அவரைத் தாங்கித் தூக்கியது. பொம்மை இருட்டில் வளைந்து பறந்து, வளையக்கோளின் ஓரத்தைத் தொட்டு, தள்ளாடி, நின்றது.

"வ்வோய்!" என்று ஆணையர் எழுந்து குதித்ததில் நாற்காலி சாய்ந்தது. கண்காணிப்பாளர் எழுத்தரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மூவருக்கும் ஒரே சமயத்தில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

"இருமல்," என்றார் ஆணையர்.

"ஆமா சார். தூசி," என்றார் கண்காணிப்பாளர்.

"மகிழ்ந்தீங்க சார்," என்றாள் தாவலக்கா. "நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம்."

திரையில் எழுத்துகள் மினுங்கின: முதலிடம். பெயரை இடவும்.

ஆணையர் அதையே பார்த்தார். "போடலேன்னா?"

"அடுத்தவங்க போட்டுக்கலாம் சார்."

கண்காணிப்பாளரின் கை மெல்ல நகர்ந்தது. "கையை எடுய்யா!" சொந்தப் பெயரைப் போட்டால் வேலைக்கு ஆபத்து, போடாவிட்டால் முதலிடம் வேறொருவனுக்கு. ஆணையர் ஒரு கோப்பைத் திரைக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத தன் வீட்டுப் பெயரைத் தட்டினார். பிறகு காலணிகளை மாட்டிக்கொண்டு, கம்பீரமான குரலில் உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். தங்கை அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

உத்தரவைச் சாட்சிகள் முன் வாசிக்க வேண்டும் என்பதால் எல்லோரும் நடைபாதைக்கு வந்தார்கள். காலையிலிருந்து காத்திருந்தவர்களே சாட்சிகள். எழுத்தர் வாசித்தார்:

"மேற்படி பள்ளம் உரிய அதிகாரியால் முறைப்படி தாண்டப்பட்டு, அதில் மகிழ்ச்சி உள்ளது என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. விளையாட்டு அங்கீகரிக்கப்படுகிறது. அம்மகிழ்ச்சி பொதுமக்கள் அனைவரின் சார்பிலும் அனுபவிக்கப்பட்டுவிட்டபடியால், அவர்கள் அதைத் தனித்தனியே மீண்டும் அனுபவிக்க வேண்டிய தேவை எழவில்லை. எனவே பொதுமக்களுக்கான பிரதியில் பாலம் கட்டப்படும். பள்ளமுள்ள பிரதி, தொடர் ஆய்வின் பொருட்டு, ஆணையரின் அறையில் வைக்கப்படும்."

நடைபாதை முழுக்கக் கைதட்டியது. ஆணையம் அங்கீகரித்த முதல் பொருள் அல்லவா! கோமாளி எழுந்து நின்றே தட்டினார்.

"எதுக்குய்யா தட்டறீங்க?" என்று கத்தினாள் தாவலக்கா. "உங்க தாவலைத்தான் பிடுங்கிட்டாங்க!"

"விடும்மா," என்றார் ஊஞ்சல்காரர். "நமக்காக ஒருத்தர் உள்ள உட்கார்ந்து இவ்வளவு சிரமப்பட்டு சந்தோஷப்பட்டிருக்காரு. சாப்பிடக்கூட போகல பாவம்."

"பாலத்துக்குக் கைப்பிடி இருக்கில்ல?" என்று கேட்டார் கோமாளி, அக்கறையாக.

தாவலக்கா அவரைப் பார்த்தாள். "இருக்கு," என்றாள்.

"அப்ப நல்லதுதானே. எங்க சார்புல சந்தோஷப்பட்டவர் பேரைச் சொல்லுங்க சார், நாங்களும் தெரிஞ்சுக்கறோம்!"

எழுத்தர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் கூரையைப் பார்த்தார். மகிழ்ந்தவரின் பெயரைத் திரையில் உள்ளபடியே வாசிக்க வேண்டும் என்பது விதி; விதியை எழுதியவரும் ஆணையர்தான். சாட்சிகள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"பட்டுக்குஞ்சு."