முக்காலியில் சொன்னது

கேஸ் கொடுக்க வருகிறவனைக் கேஸ் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதையே தொழிலாக வைத்திருந்த வக்கீல் உலகத்தில் ஒருவர்தான். அவர் கோவில்பட்டியில் இருந்தார். முக்காலி வக்கீல் என்போம். அவருடைய சொந்தப் பெயர் வாசல் போர்டில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. ஆட்டோவில் ஏறி "முக்காலி" என்றால் போதும். கடலைமிட்டாய்க் கடை மாடிப்படியில் இறக்கிவிடுவார்கள்.

மாடியில் அவர் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி. எதிரே சுவரோரம் ஒரு முக்காலி. வருகிறவர் முதலில் நாற்காலியில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் முக்காலிக்கு மாற வேண்டும். முக்காலியில் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் நீங்கள் இல்லை, உங்கள் எதிராளி. அவன் பக்கத்தை, அவன் வாயால், அவன் கோபத்தோடு பேச வேண்டும். பேசத் தெரியாவிட்டால் கேஸ் கிடையாது. ஒப்புக்குப் பேசினாலும் கிடையாது.

"எதிராளி என்ன சொல்லுவான்னு தெரியாம கோர்ட்டுக்குப் போறது, கண்ணக் கட்டிக்கிட்டு பைபாஸ் ரோட்டத் தாண்டுத மாரி" என்பார்.

ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி தன் கூட்டாளி மேல் கேஸ் போட வந்தார். நாற்காலியில் ஒரு மணி நேரம் முழங்கினார். பிறகு முக்காலிக்கு மாறினார். கூட்டாளியாகப் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "ஆபீஸ் தீப்பிடிச்ச அன்னைக்கி உள்ள ஓடுனது எவம்லே? நீயா நானா? நீ ரோட்டுல வேட்டியத் தூக்கிப் பிடிச்சிட்டு நின்ன!" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினார். கத்தி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வக்கீலய்யா, அவன் சார்பா எம்மேல ஒரு கேஸ் போட முடியுமா?"

குமாஸ்தா பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வந்த கட்சிக்காரர்களை எல்லாம் இப்படி அனுப்பினால் ஆபீஸ் எப்படி நடக்கும் என்பது அவள் கவலை.

எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். புருஷனை விட்டு விலக வேண்டும் என்றார். முக்காலியில் புருஷனாக உட்கார்ந்தார். காலைப் பரப்பினார். இல்லாத மீசையைத் தடவினார். "ஏட்டி, தண்ணி கொண்டா" என்றார். பேச்சியம்மாள் தன்னை அறியாமல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள்.

அதன் பிறகு அந்த அம்மா யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

"அம்புட்டுத்தான்யா. அதுக்கு மேல அந்த மனுசன் இருவது வருசத்துல ஒண்ணும் பேசுனதில்ல."

அந்தக் கேஸை முக்காலி எடுத்தார். ஜெயித்தும் கொடுத்தார். அவர் எடுத்த கேஸில் தோற்றது குறைவு. எடுத்ததே குறைவு.

வெளியிலும் அப்படித்தான். ஒரு தடவை கயத்தாறு பஸ்ஸில் கைக்குட்டை போட்டு ஜன்னல் சீட்டுப் பிடித்தார். ஏறிப் பார்த்தால் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். சண்டையை ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். "ஆமா, கைக்குட்டை உக்காரலாம், மனுசன் உக்காரக் கூடாதோ?" என்று அந்த ஆள் பக்கம் பேசத் தொடங்கினார். பேசித் தன்னைத்தானே தோற்கடித்துவிட்டுக் கயத்தாறு வரைக்கும் நின்றுகொண்டே போனார். இறங்கும்போது அந்த ஆள் கைக்குட்டையை மடித்துக் கையில் கொடுத்து, "அண்ணாச்சி வக்கீலா?" என்று கேட்டாராம்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. என் கதையைச் சொல்கிறேன்.

விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊர். மானாவாரி வெள்ளாமை. எங்கள் அய்யா உயிரோடு இருக்கும்போதே நிலத்தை எனக்கும் தம்பிக்கும் பிரித்துக் கொடுத்தார். ரோட்டோரம் என் பங்கு. அதற்குப் பின்னால் தம்பி பங்கு. அவன் போய்வர என் நிலத்து ஓரமாக வண்டி அகலத்துக்கு ஒரு பாதை விட்டார். கயிறு பிடித்துத்தான் அளந்தார். ஒரு நுனி என் கையில், இன்னொரு நுனி தம்பி கையில். பத்திரத்தில் எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று விட்டுவிட்டார்.

தம்பி மகள் கல்யாணம் வந்தது. பத்திரிகையில் என் பெயரை அவன் மச்சினன் பெயருக்குக் கீழே போட்டிருந்தான். அச்சாபீஸ் தப்பு என்றான். நான் நம்பவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. மறுவாரம் டிராக்டர் பிடித்துப் பாதையை உழுதேன். மிளகாய் போட்டேன்.

தம்பி அதை மிதித்துக்கொண்டு நடந்தான். அவன் நடக்கக் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்க வேண்டும். நல்ல வக்கீல் யார் என்று கேட்டேன். முக்காலி என்றார்கள்.

நாற்காலியில் நன்றாகப் பேசினேன். பாதையே கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றேன். கேட்டுக்கொண்டார்.

"சரி. முக்காலிக்கு வாரும். இப்ப நீரு உம்ம தம்பி."

"அவனுக்குப் பேச என்னய்யா இருக்கு?"

"அதத்தான் கேக்குதேன். உக்காரும்வே."

உட்கார்ந்தேன். கீழேயிருந்து பாகு காய்ச்சுகிற வாசனை வந்தது. அந்த வாசனை தம்பிக்குப் பிடிக்கும். சின்னதில் கோவில்பட்டி வந்தால் கடைவாசலை விட்டு நகர மாட்டான். எதற்கு அது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. வாய் தானாகப் பேசியது.

"எங்கண்ணன் பாதையே இல்லங்கான். அய்யா கயிறு பிடிச்சு அளந்தாவ. நான் ஒரு நுனி பிடிச்சேன். மறுநுனிய அவந்தான பிடிச்சான். மனசாட்சியத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்க."

வக்கீல் பேனாவை மூடினார்.

"நாற்காலிக்கு வாரும். இப்பச் சொல்லும். கயித்தப் பிடிச்சீரா, இல்லையா?"

"அது அவன் சொல்லுதது. நான் சொல்லல."

"இந்தக் கேஸ் எனக்கு வேண்டாம். ஊருக்குப் போயிப் பாதைய விட்டுரும்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நீங்க வக்கீலா, பஞ்சாயத்துக்காரரா?" என்று கேட்டுவிட்டு எழுந்தேன். படியில் கால் வைத்தேன். பின்னால் வந்து சொன்னார்:

"இங்கன சொன்னது இங்கனயே கெடக்கும். பயப்படாதேயும்."

வேறு வக்கீலிடம் போனேன். அவரிடம் முக்காலி இல்லை. இரண்டு கேள்விதான் கேட்டார். பத்திரத்தில் பாதை எழுதியிருக்கிறதா? இல்லை. தம்பி போய்வர வேறு வழி உண்டா? உண்டு, ஓடை வழி. மழை இல்லாத காலத்தில் எல்லோரும் ஓடைக்குள் நடப்பதுதான். "பெறவு என்ன, முடிஞ்சது" என்றார்.

இரண்டு வருஷம் இழுத்தது. இரண்டு வருஷமும் ஓடை நிறைகிற மழை இல்லை. ஓடை காய்ந்து கிடந்தது. தம்பி அதன் வழியாகவே வெள்ளாமையைக் கொண்டுபோனான்.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். தம்பியுடைய வக்கீல் கேட்டார்.

"உங்க அய்யா கயிறு பிடிச்சுப் பாதை அளந்தாரா?"

"இல்ல."

"கயித்து நுனி உங்க கையில இருந்துச்சா?"

"கயிறே இல்ல."

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். கடைசி பெஞ்சில் முக்காலி உட்கார்ந்திருந்தார். வேறு ஏதோ கேஸுக்கு வந்திருக்கிறார். மடியில் கேஸ் கட்டு. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்தார். நன்றாகக் கட்டியிருந்த கட்டை அவிழ்த்தார். திரும்பக் கட்டினார். மறுபடியும் அவிழ்த்தார்.

பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். வெளியே வந்து டீ குடித்தேன். நன்றாக இருந்தது.

தீர்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த வருஷம் தை மாதத்தில் மழை பெய்தது. காலம் தப்பிய மழை. நனைந்த கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும், செருப்புக்கூட மிஞ்சாது. ஓடையில் வெள்ளம் போனது. தம்பி மிளகாய்ப் பழம் பறித்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தான். வெளியே கொண்டுவர வழி இல்லை. என் நிலத்து ஓரம் வரைக்கும் வந்து நின்றான். கோர்ட் உத்தரவு என்று காலை எடுத்து வைக்கவில்லை. நான் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. நாலு நாள். சாக்கோடு அழுகிப்போனது.

நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனான். மில்லில் வாட்ச்மேன். இரண்டாம் வருஷம் நெஞ்சு வலி. ஊருக்கு உடலாகத்தான் கொண்டுவந்தார்கள். நான் போனேன். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போக ஒதுங்கி நின்றாள்.

பதினாறாம் நாள் கழிந்து மாடிப்படி ஏறினேன். முக்காலிக்கு வயதாகியிருந்தது. குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

"அன்னைக்கிக் கோர்ட்டுல நீங்க எந்திரிச்சிருக்கலாம்லா?"

"எந்திரிச்சு?"

"நான் முக்காலியில சொன்னதச் சொல்லிருக்கலாம்லா. எந்தம்பி ஊருலயே இருந்திருப்பான்லா."

சுவரோரம் கிடந்த முக்காலியைக் கையால் காட்டினார்.

"சொல்லிருந்தா, மறுநாளு இதுல உக்காந்து எவம்வே நெசத்தப் பேசுவான்?" என்றார். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னார். "சொல்லாமயும் எனக்கு உறக்கம் கெடையாது."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பாதையைத் தம்பி பெண்டாட்டி பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

"முக்காலிக்கு வாரும். இப்ப நீரு தம்பி பொண்டாட்டி."

உட்கார்ந்தேன். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன். கீழே கடையில் இரண்டு தட்டு மிட்டாய் வெட்டி முடித்திருப்பார்கள்.

"ஒண்ணும் வரலய்யா."

"அவிகளுக்கும் அப்பிடித்தாம்வே இருக்கும்" என்றார்.

முக்காலியில் வாய் திறக்காத ஒருவனுக்கு அவர் செய்துகொடுத்த வேலை அது ஒன்றுதான் என்று பேச்சியம்மாள் சொன்னாள். பத்திர ஆபீஸுக்கு அவரே வந்தார். தம்பி பெண்டாட்டி வந்து கையெழுத்துப் போட்டாள். அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். இப்போது அந்த நிலத்தை ஒருவர் குத்தகைக்குப் பார்க்கிறார். அவர் டிராக்டர் பாதையில் போய்வருகிறது.

போன ஐப்பசியில் பேச்சியம்மாள் செல்போனில் கூப்பிட்டாள். வக்கீலய்யா காலமாகிவிட்டார் என்றாள். காரியம் முடிந்த பிறகு மாடியைக் காலி செய்தார்கள். நானும் போயிருந்தேன். இளம் வக்கீல்கள் சட்டப் புத்தகங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். முக்காலியை யாரும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க கொண்டு போங்க" என்றாள் பேச்சியம்மாள். பிறகு, "அய்யா இருந்தா இதச் சொல்ல விட மாட்டாவ. ஒங்க தம்பியும் இங்கன வந்தாவ" என்றாள்.

"எப்ப?"

"நீங்க கோச்சிக்கிட்டுப் போன மறுவாரம். முக்காலி வழக்கம் ஊரெல்லாம் தெரியும்லா. நாற்காலிக்கே போகல. வந்ததும் நேரா முக்காலியில உக்காந்து ஒங்களாப் பேசுனாவ."

"என்ன பேசுனான்?"

"'நாந்தான் மூத்தவன். எந்தம்பி ஊருக்கெல்லாம் குடுக்குத பத்திரிகையில என்னிய அவன் மச்சினனுக்குக் கீழ போட்டான். எனக்கு வலிக்காதா?' ன்னாவ. அய்யாவுக்கு அப்பத்தான் வந்தது ஆருன்னு தெரிஞ்சுது. உடனே எந்திரிச்சிட்டாவ. 'உம்ம அண்ணன் பேச்ச நான் கேட்டுட்டேன். இனி உமக்கு நான் வர முடியாது. அதுக்கு மேல கேக்காதேயும்' னு சொல்லி, நல்ல வக்கீலு பேரா எழுதிக் குடுத்தாவ. அய்யா அன்னைக்கிக் கொண்டாந்த சோத்த அப்பிடியே திருப்பிக் கொண்டு போனாவ."

முக்காலியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டம். சீட் இல்லை. "பெரியவரே, அதுலயே உக்காந்துக்கிடுங்க" என்றார் கண்டக்டர். உட்காரவில்லை. விளாத்திகுளம் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு வேம்பு நிற்கிறது. அதன் அடியில் போட்டிருக்கிறேன். சாயங்காலம் போய் உட்காருவேன். தம்பியாகப் பேச இன்னும் முடியவில்லை. வக்கீலய்யாவாகப் பேசிப் பார்ப்பேன். என்னைத் திட்ட வேண்டும் என்றுதான் ஆரம்பிப்பேன்.

"பாதையில ஒரு பள்ளம் விழுந்திருக்குவே. மழைக்கு முன்ன ரெண்டு கூடை சரள அள்ளிப் போடும்" என்றுதான் வருகிறது. திட்டு வரவே மாட்டேன் என்கிறது.