நத்தை ஆராய்ச்சிக்குப் பயணப் பணம் கேட்ட கதை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தங்கள் முழங்கால் வலியும் டைல்ஸ் வியாபாரமும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். எங்களுக்கு மனசுதான் சரியில்லை.

விஷயம் மூத்தவளைப் பற்றியது. நத்தைகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள் என்பது தாங்கள் அறிந்ததே. வெளிநாட்டில் நத்தைக்காரர்கள் எல்லாம் கூடும் மாநாட்டில் பேச அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டார்களே தவிர டிக்கெட் அனுப்பவில்லை. இளம் விஞ்ஞானிகளுக்குப் பயணச் செலவு தரும் அறக்கட்டளை ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். நேற்று வீட்டிலிருந்தே கணினி வழியாக நேர்காணல். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, அரை மணி நேரம் நீங்க இந்த வீட்லயே இல்லைன்னு நினைச்சுக்கோங்க" என்றாள். நானும் அலமாரிக்குப் பின்னால் நாற்காலி போட்டு, இல்லாமல் இருந்தேன்.

திரையில் மூன்று பேர்: தலைவி அம்மையார், கண்ணாடி போட்ட பெரியவர், வாயே திறக்காத ஒருவர். மகள் நன்றாகத்தான் பதில் சொன்னாள். முன்னால் போன நத்தையின் பிசுக்குத் தடத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் வரும் நத்தை போகுமாம். அப்போது பெரியவர், "நீங்க நேர்ல போய்த்தான் ஆகணுமா? வீடியோவுல பேசினா போதாதா?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் தடுமாறினாள். பெற்ற மனம் பொறுக்குமா? எழுந்து போய், "போய்த்தாங்க ஆகணும். வீட்டுக்குள்ளயே இருந்தா இவ நத்தைகிட்ட மட்டும்தான் பேசுறா" என்றேன்.

"யாருங்க அது?"

"எங்க அப்பா" என்றாள், ஏதோ நோயின் பெயரைச் சொல்வதுபோல.

தலைவி அம்மையார் தங்கமானவர். "உட்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தபின் சும்மா இருக்க முடியுமா? சாப்பாட்டுக்கு அவள் கேட்டிருந்த தொகை பற்றாது, பார்க்கத்தான் ஒல்லி என்று விளக்கினேன். வரன் பார்க்கிறோம், அதற்குள் அனுப்பிவிட்டால் நல்லது என்றேன். "கல்யாணம் ஆனா ஆராய்ச்சி?" என்றார் பெரியவர். "அது மாப்பிள்ளை தலையெழுத்துங்க" என்றேன். மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அதற்குள், மூச்சு முட்டுமே என்று நான் லேசாகத் திறந்து வைத்திருந்த அவளுடைய நத்தைப் பெட்டியிலிருந்து நத்தை ஒன்று கணினி மேல் ஏறிக் கேமராவை மூடிக்கொண்டது. வாயே திறக்காதவர் வாயைத் திறந்து, "இப்போ எந்தப் பக்கம் போகுது?" என்றார். மகள் பதில் சொல்ல வாயெடுத்ததும் திரை உறைந்தது. தங்கள் தங்கை இணையப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் செருகியிருந்தாள். "அரை மணி நேரம்னுதானே சொன்னா? ஆயிடுச்சே" என்கிறாள். தங்கள் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை.

மகள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நத்தையை மெல்ல எடுத்துப் பெட்டியில் விட்டு, "வா, நாம ரெண்டு பேரும் இங்கயே இருப்போம்" என்றாள். விஞ்ஞானம் நமக்கு ஒத்துவராது என்று முடிவுசெய்துவிட்டேன். தங்கள் கடையில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றீர்களே, அந்த இடத்தை அவளுக்கு ஒதுக்கித்தர வேண்டுகிறேன்.

அக்காவுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் ஓடி வந்தாள். பணம் கிடைத்துவிட்டது. வாய் திறக்காதவர்தான் பிடிவாதமாக நின்றாராம்; அந்த நத்தை எந்தப் பக்கம் போனது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம். அடுத்து பெரிய ஆராய்ச்சி நிதிக்கு இதே மேசையில் நேர்காணல். அன்று நான் வீட்டில் இருக்கக் கூடாதாம். ஆகவே கணக்கு எழுதும் வேலையை எனக்கே தந்துவிடுங்கள். தங்கள் தங்கையும் மிக்ஸியோடு உடன் வருகிறாள்.