குச்சி மாஸ்டரும் இரண்டு சம்பந்திகளும்

கோயமுத்தூர் மரியாதையிடம் மூன்று முறை தோற்று, நாலாவது முறை அதையே ஜெயித்த ஒரே மனிதர் எங்கள் குச்சி மாஸ்டர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் நூல் மில்லுக்குச் செக் நாட்டு இயந்திரம் வந்தது. அதை மாட்ட வந்த அந்நாட்டு ஃபிட்டர்களுக்கு இங்கிலீஷ் பேசத் துணையாக வந்தவர் இவர். தன் ஊரில் வருஷக்கணக்கில் கிளாரினெட் வாசித்து, பிறகு பெரிய இசைக்குழுவையே நடத்தியவராம். அங்கே ஆட்சி மாறியதும் குழுவைக் கலைத்துவிட்டார்கள். ஃபிட்டர்கள் கிளம்ப, இவர் மட்டும் எங்கள் மில் பேண்டைப் பார்த்துவிட்டு, அதற்கு மாஸ்டராக இங்கேயே தங்கிவிட்டார்.

பேண்டு என்றால் ஒன்பது பேர். டைம் ஆபீஸ் கிளார்க்கான நான் பெரிய டிரம். மாஸ்டர் கையில் எந்நேரமும், குழுவுக்குத் தாளம் காட்டும் மெல்லிய குச்சி. கேன்டீனில் சட்னி கேட்பதும் அதை ஆட்டித்தான். எங்களிடம் கற்ற தமிழில் நாய்க்கும் மரியாதை: "ஏனுங்க நாயி, கொஞ்சம் தள்ளிப் படுங்க!"

திடீரென்று முதலாளி குண்டைப் போட்டார். "எம்பட புள்ள கல்யாணத்துல ஒழுங்கா வாசிச்சா பேண்டு இருக்கட்டும். இல்லீன்னா வாத்தியத்தையெல்லாம் வித்துப்போடலாம்." இன்னொரு குழு கலைவதைப் பார்க்க மாஸ்டருக்குத் தெம்பில்லை. மூன்று மாசம் எங்களைப் பிழிந்தெடுத்தார்.

வினை வேறு வழியில் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள், எங்கள் டிரம்பெட்காரர்கள் சின்னசாமியும் பழனிச்சாமியும் தங்கள் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள்!

மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். குச்சி கீழே வந்தது. சத்தமே இல்லை.

"நீங்க மொதல்ல ஊதுங்க, சம்பந்தி," என்றார் சின்னசாமி.

"அட, நீங்க இருக்கீல நான் முந்தறதுங்களா?" என்றார் பழனிச்சாமி.

மற்ற ஏழு பேரும், பெரியவர்கள் தொடங்கட்டும் என்று நின்றோம். குச்சி இரண்டாம் முறை இறங்கியது, மூன்றாம் முறையும் இறங்கியது. முதலாளியின் மீசை துடித்தது.

மாஸ்டர் குச்சியைப் பைக்குள் செருகினார். கிளாரினெட்டை எடுத்தார். "மன்னிச்சுக்குங்க, நானே மொதல்ல ஊதறனுங்க!"

ஊதினார் பாருங்கள்! வெளிநாட்டு விருந்தாளியைத் தனியாக ஊதவிட்டால் ஊர் என்ன சொல்லும்? சம்பந்திகள் இருவரும் ஒரே மூச்சில் பாய்ந்தார்கள். நான் அடித்த அடியில் டிரம் தோலே கிழிந்தது. பேண்டு பிழைத்தது.

நாலு வருஷம் கழித்து அவர் ஊரில் மறுபடி ஒரு குழு தொடங்கி, அவரைக் கூப்பிட்டார்கள். கிளம்பிய அன்று ரயில் பெட்டி வாசலில் நின்று வருவோர் எல்லோரிடமும், "நீங்க மொதல்ல ஏறுங்க" என்றார். வண்டி நகர்ந்தேவிட்டது. ஒன்பது பேரும் சேர்ந்து அவரைத் தூக்கி உள்ளே தள்ளினோம். "வாரனுங்க!" என்று கத்தினார்.

அப்புறம் அவர் வரவேயில்லை. இன்றும் பேண்டு தொடங்குமுன் நாங்கள் ஒரு நொடி சும்மா நிற்போம். முதலில் ஊத வேண்டியவர் அவர்தானே.