நிச்சயத் தட்டில் பால்வெளி

2013 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்தேன். கரண்ட் போவதற்குள் வேட்டி சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஐரோப்பாவில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக் கணினியில் என் கணக்கு நிற்காமல் ஓடுகிறதா என்று லேப்டாப்பில் பார்த்துக்கொண்டேன். வாசலில் மாவிலை கட்டினேன். டைரியில் 'மாலை: மலருக்கு நிச்சயதார்த்தம்' என்று எழுதி மூடினேன். அதற்கு மேல் அன்றைக்கு எழுத எதுவும் இருக்காது என்று நம்பினேன். (அந்தப் பக்கம் போதாமல் அடுத்த நாள் பக்கத்திலும் எழுத வேண்டியதாயிற்று.)

விண்மீன் மண்டலங்கள் எப்படி உருவாயின, எப்படி வளர்ந்தன என்று ஆராய்வது என் தொழில். கள்ளக்குறிச்சியில் என் உறவினர்கள் அதைப் பற்றிப் பல வருடங்களாகக் கேட்டுவந்த கேள்விகள் இரண்டுதான். பர்மனென்ட்டா? எப்ப முடியும்? இரண்டுக்கும் என்னிடம் பதில் கிடையாது. வானத்தில் என்னதான் பார்க்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்காததால் சொல்லாத சொற்பொழிவு ஒன்று எனக்குள் பல வருடமாகத் தேங்கிக் கிடந்தது. அது எங்கள் வீட்டுக் கூடத்தில், என் தங்கையின் நிச்சயத்தன்று, மடை உடைந்துகொண்டு வந்தது.

மலர் என் ஒரே தங்கை. பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு வருடமாக வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றவள், தியாகதுருகத்துச் செந்திலைப் பார்த்த அன்று மட்டும், "இவருன்னா சரிம்மா" என்றாள். செந்தில் வெள்ளிமலையில் கால்நடை மருத்துவர். அவர் அப்பா கோவிந்தசாமி பெரிய விவசாயி. எங்கள் அப்பா இறந்துவிட்டதால், தாம்பூலத் தட்டை அவரிடம் நீட்டி மாற்றிக்கொள்ள வேண்டிய ஆள் நான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கூடத்து ஜமக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர்கள் கொண்டுவந்தது பெரிய பித்தளைத் தாம்பாளம். எங்களுடையது எவர்சில்வர் தட்டு, பாதி அளவு. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் மாற்றினால் போதும், நேரம் நிறைய இருந்தது. அந்த நிறைய நேரம்தான் கெடுத்தது.

சும்மா இருக்க வேண்டாமே என்று மாப்பிள்ளை கேட்டார்: "வெள்ளிமலையில நான் தங்கியிருக்கிற வூட்டு மாடியில படுத்தா, வானத்துல வெள்ளையா ஒரு பட்ட தெரியுதுங்க. உங்க வேல அதுலதானா?"

கேட்டுவிட்டார்! நான் ஜமக்காளத்தில் முன்னால் நகர்ந்தேன்.

"அதாங்க நம்ம பால்வெளி. மொதல்ல இவ்ளோ பெருசா இல்ல. பக்கத்துல இருக்கிற சின்னச் சின்ன மண்டலத்தையெல்லாம் இழுத்து, ஒவ்வொண்ணா முழுங்கித்தான் பெருசாச்சு."

"முழுங்கியா?" என்றார் கோவிந்தசாமி.

"ஆமாங்க. பெருசா இருக்கிறது எல்லாமே அப்படி வளந்ததுதான். இப்பக்கூட முழுங்கிக்கினுதான் இருக்கு. இப்ப இந்தத் தாம்பாளம் பால்வெளின்னு வெச்சுக்கோங்க." எங்கள் தட்டைக் கையில் எடுத்தேன். "இது பக்கத்துல சுத்திக்கினு இருக்கிற சின்ன மண்டலம். ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா உதுரும்."

தட்டைச் சாய்த்துத் தாம்பாளத்தைச் சுற்றிவந்தேன். வெற்றிலை வரிசையாக ஜமக்காளத்தில் விழுந்தது. அறிவியல்படி அது மிகச் சரியான செய்முறை. உதிர்ந்த நட்சத்திரங்கள் அப்படித்தான் வால்போல நீண்டு கிடக்கும். "கடைசியில," என்று சொல்லி, மிச்சத்தைத் தாம்பாளத்தில் கொட்டினேன். தேங்காய் உருண்டு கோவிந்தசாமியின் முழங்காலில் இடித்து நின்றது.

(இன்றும் எங்கள் வீட்டில் இலையில் ரசம் ஓடித் தயிரோடு கலந்தால், "சார் செய்முறை ஆரம்பிச்சிட்டாரு" என்பார் அம்மா.)

பெண்வீட்டுத் தட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு மாற வேண்டும்; அதில் கலக்கக் கூடாது. அது தெரியாத ஒரே ஆள் அந்தக் கூடத்தில் நான்தான். ஆனால் எல்லோர் முகமும் மாறியதற்குக் காரணம் அது மட்டுமில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவர், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அவர் ஏழுமலை, கோவிந்தசாமிக்குப் பங்காளி முறையில் தம்பி. அவருடைய நிலம், அவர் அண்ணன்மார் நிலம், பக்கத்து வயல் எல்லாம் வருடத்துக்கு ஒன்றாகக் கோவிந்தசாமியின் கைக்குப் போயிருந்தன. கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் வரைக்கும் தெரிந்த அந்தச் செய்தி, தொலைதூர மண்டலங்களை ஆராய்கிறவனுக்கு எட்டவில்லை.

"கேட்டியாண்ணே," என்றார் ஏழுமலை. "வானத்துலயே அப்படித்தானாம். நான்தான் உன்ன அநாவசியமா திட்டிட்டேன்."

கோவிந்தசாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, சம்பந்தம் பண்ணக் கூப்ட்டீங்களா, பஞ்சாயத்துக்குக் கூப்ட்டீங்களா?"

"ஐயோ, சம்பந்தி, அவனுக்கு ஒரு எழவும் தெரியாதுங்க," என்றார் அம்மா. என்னைப் பற்றி அவர் சொன்னதிலேயே துல்லியமான வாக்கியம் அது. "டேய், கலந்தத முதல்ல பிரிடா!"

பிரிக்கச் சொல்லியிருக்கக் கூடாது. கலந்துபோன நட்சத்திரங்களில் எது எங்கிருந்து வந்தது என்று, அவற்றில் உள்ள உலோகத்தை அளந்து பிரிப்பதுதான் என் ஆராய்ச்சியின் பாதி. உட்கார்ந்தேன். பழத்தில் சிக்கலில்லை, அவர்களுடையது பூவன், எங்களுடையது ரஸ்தாளி. வெற்றிலையை நரம்பு பார்த்துப் பிரித்தேன். மஞ்சள் கிழங்கை முகர்ந்து பார்த்தேன். கொட்டைப்பாக்குதான் கஷ்டம். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தை ஒப்பிட்டு, சந்தேகமானவற்றைத் தனியாக வைத்தேன். எனக்கு வேறு எதுவும் நினைவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அண்ணா!" அறைக்குள்ளிருந்து மலர் கத்தினாள். "மணியப் பாருண்ணா!"

நாலரை தாண்டியிருந்தது. கோவிந்தசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்குச் சொல்றோம்," என்றார். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வேன் ஏறினார்கள். அம்மா செய்த கேசரி அப்படியே இருந்தது.

மலர் அழவில்லை. ஜமக்காளத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எது எதுகூட எப்ப மோதும்னு கோடி வருஷத்துக்குக் கணக்கு போடுற. எங்க வாய மூடணும்னு ஒரு நிமிஷக் கணக்கு தெரியல. எனக்கு அவர நெஜமாவே புடிச்சிருந்துதுண்ணா."

அடுத்த பஸ்ஸில் தியாகதுருகம் போனேன். கோவிந்தசாமி களத்துமேட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் கோட்டை மலை இருட்டிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்பு கேட்டேன். நில விஷயம் சத்தியமாகத் தெரியாது என்றேன்.

"தெரியும்," என்றார் அவர். "தெரிஞ்சி சொல்லியிருந்தா அங்கியே ஒரு அற வுட்டுட்டு கேசரிய தின்னுட்டு வந்திருப்பேன். நீ தெரியாம சொன்ன பாரு, அதான் தம்பி போவ மாட்டேங்குது." கட்டில் கயிற்றை நிமிண்டிக்கொண்டே, "அந்தச் சின்னது, கலந்தப்புறம் இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

அந்த ஒரு தடவையாவது நான் பொய் சொல்லியிருக்கலாம். "உள்ளதான் இருக்குங்க. ஆனா பொறந்த எடத்தோட அடையாளம் போவாது. எத்தினி காலம் ஆனாலும் தேடினா தெரியும்," என்றேன்.

அவர் வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்துகொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒன்று தோன்றியது. இரண்டு மண்டலங்கள் மோதும்போது நட்சத்திரங்கள் அநேகமாக ஒன்றையொன்று தொடுவதே இல்லை, இடைவெளி அவ்வளவு பெரியது. மோதிக்கொள்வது இடையிலிருக்கும் வாயுதான். அன்று எங்கள் வீட்டில் மலரும் செந்திலும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மோதியது முழுக்க நான் வெளியிட்ட காற்று. என் துறையில் இத்தனை வருடம் படித்ததை முதல்முறையாக அன்று ஒரு நிமிடம் புரிந்துகொண்டேன், பயன்படாத நேரத்தில்.

மறுநாள் காலை விடிந்தும் விடியாமலும் வாசலில் வேன் சத்தம் கேட்டது. அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கோவிந்தசாமி தாம்பாளத்தோடு இறங்கினார், பின்னாலேயே செந்திலும் ஏழுமலையும். "ஏழரை வரைக்கும் நல்ல நேரம்," என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல். மலர் தலையை அவசரமாக வாரிக்கொண்டு வந்து நின்றாள். அம்மா எங்கள் தட்டை என்னிடம் தராமல் தானே தூக்கிக்கொண்டார்.

அந்தப் பக்கமும் தட்டு கைமாறியது. கோவிந்தசாமி தாம்பாளத்தைத் தான் வைத்துக்கொள்ளாமல், பின்னால் நின்ற ஏழுமலையிடம் நீட்டினார். "நீ குடுடா."

ஏழுமலை தாம்பாளத்தை வாங்கவில்லை. அதையும் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, எனக்கே திருப்பித் தரியா?"

"தட்டு மட்டும்தான்டா," என்றார் கோவிந்தசாமி.

ஏழுமலை சிரித்துவிட்டார். இரண்டு கையாலும் வாங்கி, அம்மாவிடம் மாற்றினார்.