நான் துரையான ஞாயிற்றுக்கிழமை

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைத் திறந்து பார்க்கிறார்கள். ஒயில் ஒழுகுகிறதா என்று குனிகிறார்கள். டயரைக் காலால் உதைக்கிறார்கள் (எதற்கு உதைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, நானும் உதைத்தேன்). ஆனால் அந்த வண்டி இதுவரை யார் யாரைப் பயமுறுத்தியிருக்கிறது என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. அதன் பலன், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை நான் அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. அவள் கூரையின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

நடந்தது 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். எங்கள் வீட்டில் இதை 2004 என்று சாதிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பிழை. 2004இல் எங்களுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. கல்யாணம் ஆனபிறகு யாரும் பெண் பார்க்கப் போவதில்லை. (தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கலண்டரில் பௌர்ணமி தப்பாக விழுந்திருந்தால் அச்சடித்தவருக்குக் கடிதம் எழுதுகிறவன். பதில் வந்ததில்லை.)

அப்போது லிந்துலையில் அப்பாவும் நானும் ஒரு ஹாட்வெயார் கடை வைத்திருந்தோம். அப்பா வியாபாரம் பார்ப்பார். நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். ஆணி கேட்டவருக்குத் திருகி இறக்குகிற புரியாணியை நிறுத்துக் கொடுத்து, அவர் திரும்பி வந்து திட்டுவது மாதத்தில் சில தடவை நடக்கும். இந்தப் புகழ் எப்படியோ மலை கடந்து பரவி, இரண்டு வீட்டில் பெண் கொடுக்க மறுத்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்தது கலைச்செல்வியின் படம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அவளுடைய அப்பா அதே தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி. படத்தில் அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை நான் பார்த்த அளவுக்கு எந்தப் புத்தகத்தையும் பார்த்ததில்லை. இதுவும் தட்டிப்போனால் எனக்குத் தாங்காது என்று தெரிந்துவிட்டது.

ஆகவே யோசித்தேன். (படித்தவன் யோசித்தால் ஆபத்து.) கடைச் சாமான் ஏற்றுகிற பழைய வானில், சீமெந்துத் தூளுக்கு நடுவில் போய் இறங்கினால் என்ன மதிப்பு இருக்கும்? ஒரு ஜீப் வேண்டும். எங்கள் ஊரில் உயரமாக, அகலமாக, நாலு சக்கரமும் இழுக்கிற எந்த வண்டியும் ஜீப்தான். அதிலும் சொகுசு ஜீப்.

ஹட்டனில் பழைய வண்டி புரோக்கர் ஹமீது நானா ஒன்றைக் காட்டினார். கரும்பச்சை நிறம். டீசல். ஏழு பேர் உட்காரலாம். தோல் இருக்கை. பின்பக்கமெல்லாம் கறுப்புக் கண்ணாடி. கூரையில் பொத்தானை அமுக்கினால் திறக்கிற ஒரு கண்ணாடி ஜன்னல்.

“ஒரே கை வண்டி தம்பி. பெரிய துரை ஒத்தரு வச்சிருந்தது. பங்களாவுலயே வளர்ந்த சாமான். எஞ்சின் முத்து மாதிரி ஈக்கி.”

எந்தத் தோட்டத்துத் துரை (தோட்டத்து மனேஜரை நாங்கள் துரை என்போம்) என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்டது இது: “கூரையில ஜன்னல் எதுக்கு நானா?”

“ஆகாசம் பாக்க.”

அப்பா அண்ணாந்து ஹட்டன் ஆகாயத்தைப் பார்த்தார். வழக்கம்போல மூட்டம். “அத இங்க யாருடா பாத்தான்?” என்றார். பிறகு, “ஏழு பேரு ஒக்கார்ற குடும்ப வண்டிங்கிறாரு. ஒனக்குக் குடும்பம் எங்க?”

“வண்டிய எடுங்க முதலாளி, குடும்பம் தானா வந்து ஏறும்” என்றார் ஹமீது நானா.

எனக்கு அது ஆசீர்வாதம்போலக் கேட்டது. வானைக் கொடுத்து, சேமித்ததையெல்லாம் போட்டு, ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். “ஒரு சின்ன லொறி வாங்கியிருந்தா சீமெந்தாவது ஏத்தியிருக்கலாம்” என்று அப்பா சொன்னதை, அற்பர்களின் பேச்சாக எண்ணி ஒதுக்கினேன்.

அடுத்த ஞாயிறு புறப்பட்டோம். அம்மா பின் இருக்கையில் பட்டுச் சேலையோடு. தோல் இருக்கையும் பட்டும் ஒன்றையொன்று பிடிக்காத சாமான்கள். ஒவ்வொரு வளைவிலும் அம்மா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வழுக்கிக்கொண்டிருந்தார். நோர்வூட் தாண்டும்போது, “வயித்தப் பொரட்டுது, காத்து வரட்டும்” என்றார். எனக்கு இதைவிட என்ன வேண்டும்? பொத்தானை அமுக்கினேன். கூரை ஜன்னல் ராஜகம்பீரமாகத் திறந்தது.

மூடவில்லை.

அமுக்கினேன், மெதுவாக அமுக்கினேன், கெஞ்சி அமுக்கினேன். அப்பா குத்தினார். அசையவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்துத் தூறல் ஆரம்பித்தது. அம்மா குடையை எடுத்து, ஜன்னல் வழியாக மேலே நீட்டி விரித்துக்கொண்டார். கூரையில் குடை முளைத்த ஜீப் பொகவந்தலாவையை நெருங்கியது.

பிரதான பாதையிலிருந்து தோட்டப் பாதைக்குத் திரும்பியதும் நான் எதிர்பார்த்தது நடக்கத் தொடங்கியது. தேயிலைத் தொழிற்சாலை வாசலில் காவல்காரர் விறைப்பாக நின்று சலாம் வைத்தார். எதிரே வந்த ஆட்கள், மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவசரமாக இறக்கிவிட்டு, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்து, பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி வழிவிட்டார்கள். கண்ணாடியை இறக்காமலே, மந்திரி மாதிரி கையை ஆட்டினேன்.

“பாத்தீங்களாப்பா? மரியாத!”

“மரியாத இருக்கட்டும். அவங்க மொகத்தப் பாருடா. மாப்புள வர்ற சந்தோசம் மாதிரியா தெரியுது?”

மலைக்கு மேலே யாரோ நீளமாக விசில் அடித்தார்கள். அதை இன்னொரு விசில் வாங்கிக்கொண்டு மேலே அனுப்பியது. வரவேற்பு என்று நினைத்தேன்.

மாரியம்மன் கோயில் வளைவைத் திரும்பியதும் லயம் தெரிந்தது. லயத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு விஷயம். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் ஒட்டு வரிசை வீடு, அதன் காம்பரா (அறை) ஒவ்வொன்றும் தோட்டத்துக்குச் சொந்தம். துரையின் அனுமதி இல்லாமல் ஒரு சுவர்கூட ஒட்டுப்போட முடியாது. போட்டால் இடிக்கச் சொல்வார்கள், வேலைக்கும் ஆபத்து. கங்காணியார் நல்ல மனிதர், ஆனால் மாப்பிள்ளை வீட்டார் உட்கார இடமில்லையே என்று கவலைப்பட்டவர். துரை விடுமுறையில் கொழும்புக்குப் போயிருந்தார். அவருடைய ஜீப் ஏதோ திருத்தவேலைக்கு ஹட்டன் போயிருப்பதாகத் தோட்டத்தில் பேச்சு. (திருத்தவேலைக்கு அல்ல, எனக்கு விற்பதற்கு.) இந்த இடைவெளியில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சின்னக் காம்பராவை முன்பக்கம் எழுப்பியிருந்தார். துரை வந்தபிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்த டீசல் சத்தம் மலை ஏறியது. கொழுந்து எடுக்கிற பெண்கள் வருடக்கணக்கில் கேட்டுப் பழகிய சத்தம். மூட்டத்துக்குள்ளும் அது யாருடையது என்று தெரியும்.

நான் கண்ட காட்சி இதுதான். தகரங்கள் தேயிலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. தகரத்துக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு அக்கா தோட்டத்தில் கேட்காமல் வெட்டிய விறகுக் கட்டுகளை ஓடைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். பாதி உரித்த கூரையின் மேல், பட்டுச் சேலையை இடுப்பில் சொருகி, தலை நிறையப் பூவோடு, ஒரு தகரத்தைத் தூக்கியபடி என் படத்துப் பெண் நின்றாள். அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது இப்படி:

“அப்பா, கீழ புடிங்க! வண்டி நின்னுருச்சி!”

நான் புதுக் கோட்டோடு இறங்கினேன். கையில் தேங்காய், பழம், வெற்றிலை வைத்த தட்டு. லயமே ஒரு வரிசையாக நின்று குனிந்தது.

“சலாங்க தொரைகளே” என்றார் என் வருங்கால மாமனார், என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்து.

நான் என்ன சொல்வது? (சலாம் என்றேன். இதை வீட்டில் இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.) அப்புறம் கூரையிலிருந்து குரல் வந்தது:

“தொரை எப்பப்பா தேங்கா பழத்தட்டு தூக்க ஆரம்பிச்சாரு?”

எல்லோரும் நிமிர்ந்தார்கள். பின் கதவைத் திறந்துகொண்டு, விரித்த குடையோடு மாட்டிக்கொண்ட அம்மா, “யாராவது புடிச்சி எறக்குங்களேன்” என்றார்.

அதற்குப் பிறகு கிளம்பிய சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. “எங்க வெறகு பூரா ஆத்தோட போயிருச்சே!” என்று அந்த அக்கா தலையில் கைவைத்தார். “கொடையப் பாத்ததும் தொரைசானியும் சேந்து வாராங்கன்னுல்ல நெனச்சோம்!” என்றார் இன்னொருவர். கங்காணியாருக்கு முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

“ஒரு வார்த்த சொல்லியனுப்பக் கூடாதுங்களா? எதுக்குங்க தொரை வண்டியில வந்தீங்க? எங்கள வெரட்டியா பொண்ணு கேக்குறது?”

“தொரை வண்டின்னு எனக்கே இப்பத்தாங்க தெரியும்.”

“சத்தத்தக் கேட்டாத் தெரியாதுங்களா?”

அப்பா உதவிக்கு வருவார் என்று திரும்பினேன். அவர் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதும் போயிற்று என்று முடிவு செய்தேன்.

“அப்பா, சண்டைய அப்புறம் போடுங்க” என்றாள் கூரைமேல் நின்றவள். “மழ பெருசா வருது. பலகாரமெல்லாம் உள்ளுக்குள்ள நனையுது. தகரத்தக் கொண்டாரச் சொல்லுங்க. அந்தக் கோட்டு போட்டவரையும் ஏறச் சொல்லுங்க.”

ஏறினேன். வேறு பெண்கள் தேத்தண்ணித் தட்டோடு வருவார்கள். இவள் என்னிடம் நீட்டியது ஒரு பிடி ஆணி.

“என்னா வேல செய்றீங்க?”

“ஹாட்வெயார் கடைங்க.”

“ஆணி விக்கிறீங்களா?”

“விக்கிறோம்.”

“அடிக்கிறதில்லையா?”

அப்போதுதான் நான் முதல் ஆணியைக் கட்டைவிரலில் அடித்திருந்தேன். அவள் படத்தில் அடக்கியிருந்த சிரிப்பு அங்கே முழுசாக வெளியே வந்தது. விரல் வலித்ததாகவே நினைவில்லை. (பொய். நன்றாக வலித்தது. நகம் போய்விட்டது.)

“தகரத்தோட மேட்டுல அடிங்க. பள்ளத்துல அடிச்சா தண்ணி அது வழியா எறங்கும்” என்றாள். நான் ஏற்கெனவே ஒரு வரிசையைப் பள்ளத்தில் அடித்து முடித்திருந்தேன். பிறகு கேட்டாள்: “எங்கள மயக்கத்தான் இந்த வண்டிய வாங்குனீங்களா?”

பொய் சொல்ல நேரமில்லை. வாயில் ஆணி இருந்தது. தலையாட்டினேன்.

“அடுத்த தடவ வர்றப்ப ரோட்டுலயே நிப்பாட்டிட்டு நடந்து வாங்க. ஊருல மனுசங்க இருக்கணும்ல.”

மழை தகரத்தில் அறைந்துகொண்டிருந்தது. இருந்தாலும் ‘அடுத்த தடவை’ என்ற சொல்லை நான் தவறவிடவில்லை.

கீழே நனைந்த முறுக்கைச் சாப்பிட்டுக் கல்யாணப் பேச்சை முடித்தோம். விறகு போன அக்காவுக்கு எங்கள் தட்டிலிருந்த பழச் சீப்பு முழுவதையும் கொடுத்தோம். புறப்படும்போது கங்காணியார் எங்கள் ஜீப்பின் கூரையைப் பார்த்தார். உள்ளே போய், மிஞ்சிய ஒரு தகரத்தைக் கொண்டுவந்து, ஜன்னலை மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பெண் வீட்டிலிருந்து எங்களுக்கு வந்த முதல் சீர் அதுதான். தோல் இருக்கை, கறுப்புக் கண்ணாடி, தகரக் கூரை. லிந்துலை வரைக்கும் அது காற்றில் படபடத்துக்கொண்டே வந்தது. ஹட்டனில் ஹமீது நானா எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்தார்.

உண்மையான துரை அடுத்த கிழமை புது வண்டியில் வந்தார். பெட்ரோல் வண்டி, சத்தமே இல்லை. புதுக் காம்பராவின் வாசலில் இறங்கியபிறகுதான் லயத்துக்குத் தெரிந்தது. அவர் சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். கூரையை அண்ணாந்து பார்த்தாராம்.

“கங்காணி, இது யார் ஆணி அடிச்சது?”

“மாப்புளைங்க, தொரைகளே.”

“என்ன மாப்பிள்ளை? இந்த வரிசை எல்லாம் பள்ளத்துல அடிச்சிருக்கு?”

மாமனார் வேறு வழியில்லாமல் முழுக்கதையையும் சொல்லியிருக்கிறார். துரை முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, “கலியாணம் முடியட்டும், அதுக்குப் பொறகு ஒப்பீசுல வந்து முறையாக் கேளு” என்று சொல்லிப் போனாராம். முறையாகக் கேட்டு அனுமதியும் கிடைத்தது. நான் அடித்த வரிசை மட்டும் ஒவ்வொரு மழைக்கும் ஒழுகியது. அங்கே ஒரு வாளி வைத்தார்கள். அதற்கு ‘மாப்பிள்ளை வாளி’ என்று பெயர்.

ஜீப்பைச் சில வருடங்களில் விற்றுவிட்டு, அப்பா சொன்ன சின்ன லொறியை வாங்கினோம். தகரம் இப்போதும் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் விறகுக்கு மேல் கிடக்கிறது. நான் வீட்டில் கொஞ்சம் குரலை உயர்த்தி ஏதாவது கட்டளை போட்டால் போதும், கலை உள்ளேயிருந்து பிள்ளைகளுக்குச் சொல்வாள்: “தொரை வந்துட்டாரு. தகரத்தக் கழட்டுங்க!”

போன மாதம் எங்கள் மகளைப் பார்க்க வரலாமா என்று ஒரு வீட்டிலிருந்து கேட்டனுப்பினார்கள். மாமனாருக்குச் சொன்னேன். பையன் என்ன படித்திருக்கிறான், என்ன உத்தியோகம், ஆள் எப்படி என்று எதையும் அவர் கேட்கவில்லை. கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

“என்னா வண்டியில வாராங்களாம்?”