சிவப்புக் கோடு போட்ட புது ஊழியர்

மனித குலத்தை உய்விக்க வந்த கண்டுபிடிப்புகளில் நெருப்பும் சக்கரமும்தான் தலையாயவை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். சொல்லித் தருகிறவர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்ததில்லை போலும். நெருப்பு சுடும். சக்கரம் பஞ்சராகும். எக்காலத்திலும் எந்த அதிகாரிக்கும் ஒரு சின்னத் தொந்தரவுகூடத் தராத மகத்தான கண்டுபிடிப்பு ஒன்றே ஒன்றுதான்: 'பரிசீலனையில் உள்ளது.'

அந்த அமுத வாசகத்தைக் கணினிக்குள் ஏற்றி, கல்வராயன் மலை மக்களுக்கு வாரி வழங்கிய பெருமை 'மலைவட்ட மின்சான்றிதழ் மென்பொருள் பிரிவு' என்னும் அலுவலகத்தையே சேரும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜவ்வரிசி மண்டியின் மாடியில் அது இயங்கி வந்தது. இயக்கி வந்தவர் கண்காணிப்பாளர் திரு. இருசப்பன்.

இருசப்பனுக்கு முப்பத்தோரு வருட சர்வீஸ். ஓய்வுக்குப் பாக்கி எட்டு மாதம். பற்றற்ற மனிதர்; வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை வைத்திருந்தார். பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். சாமானியர்கள் நீலத்திலும் கறுப்பிலும் எழுதித் தேய, கெசட்டெட் அதிகாரி மட்டுமே பச்சையில் எழுதலாம் என்பது உலகம் அறிந்த நியதி. அந்தப் பதவி உயர்வுக்காகப் பதினோரு வருடங்களுக்கு முன்பே அவர் ஒரு பச்சைப் பேனா வாங்கிச் சட்டைப்பையில் செருகிவிட்டார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைப்பாரே தவிர மூடியைத் திறந்ததில்லை. எழுதாமலே இரண்டு ரீஃபில்கள் காய்ந்துபோயின. கோப்பு வராத நேரங்களில், அதாவது பெரும்பாலான நேரங்களில், மேஜைக் கண்ணாடிமேல் விரலால் கையெழுத்துப் போட்டுப் பழகுவார். பெயரை எழுதி, அடியில் நெளிநெளியாக ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டில்தான் அதிகாரமே இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. பதவி உயர்வுப் பட்டியல் அந்த மாதம் வர இருந்தது.

இப்படி நிர்மலமாக ஓடிக்கொண்டிருந்த அலுவலகத்துக்கு, ஒரு திங்கட்கிழமை காலை, செவ்வந்தி என்பவள் வெள்ளிமலைக்கு மேலே ஒரு குக்கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். ஐந்தாவது முறை. மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்பவள். மகள் கமலாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழைக் காட்டினால் சேர்த்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணி கடைசி.

"ஏழு மாசமா பரிசீலனையில இருக்குது பரிசீலனையில இருக்குதுன்னே சொல்லிக்கினு இருக்கீங்களேம்மா," என்று ஒப்பந்த நிரலர் தங்கமணியிடம் கேட்டாள். "எம்பொண்ணு பேரு அந்தப் பொட்டிக்குள்ள இருக்குதா, இல்ல எங்கனா வுழுந்துடுச்சா? அதயாச்சும் சொல்லுங்க."

எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் தங்கமணிக்கு அலுவலக முதிர்ச்சி போதாது. கேட்ட கேள்விக்குப் பதில் தேடக் கிளம்பிவிட்டாள்.

சான்றிதழ் மென்பொருளை இரண்டு வருடம் முன்பு எழுதியவர் பெங்களூருக்குப் போய்விட்டார். அவர் எழுதிய கணினி மொழி பழையது. நிரல் எழுதவும் திருத்தவும் தங்கமணி வைத்திருந்த எடிட்டருக்கு அந்த மொழி தெரியாததால், ஆயிரம் வரியும் கறுப்பாக, எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்தது. இம்மாதிரி எடிட்டர்களுக்கு எந்த மொழியும் சொந்தமாகத் தெரியாது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு துணைப்பொதியை இறக்கி மாட்ட வேண்டும். மாட்டினால் எது கட்டளை, எது குறிப்பு என்று வண்ணம் பிரித்துக் காட்டும். தப்பு இருந்தால் அடியில் சிவப்பில் நெளிகோடு போடும். தங்கமணி மாட்டினாள். திரை பொங்கலன்று கோலம் போட்ட வாசலாகிவிட்டது.

டீயும் கையுமாக அந்தப் பக்கம் போன இருசப்பன் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? பச்சையில எழுதிக்கினு இருக்குது?"

"அது குறிப்பு வரிங்க சார். எழுதறவங்க தங்களுக்காக எழுதி வெச்சிக்கிறது. அத மட்டும் பச்சையில காட்டும்."

"யாரு பர்மிஷன் குடுத்தது?"

"யாரும் குடுக்கல சார். அது மாட்டினதிலிருந்தே அப்பிடித்தான்."

"எப்ப மாட்டின?"

"இப்பத்தாங்க. கால் மணி நேரம் ஆவுது."

இருசப்பனின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. முப்பத்தோரு வருடம். இது கால் மணி நேரம். டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"சார், அத வுடுங்க. இங்க பாருங்க," என்று தங்கமணி நானூற்றுப் பன்னிரண்டாம் வரியைக் காட்டினாள். அதன் அடியில் சிவப்பு நெளிகோடு. "வூட்டுக்குக் கதவு எண் இல்லன்னா, விண்ணப்பத்த 'மலைப்பிரிவு'க்கு அனுப்புன்னு எழுதியிருக்காரு. ஆனா மலைப்பிரிவுன்னு ஒண்ண அவரு எழுதவே இல்ல. மலையில பாதி ஊருக்குக் கதவு எண்ணே கெடையாதுங்க. அந்த விண்ணப்பமெல்லாம் எங்கியும் போவல. எரநூத்திப் பதினாலு இருக்குது. அதுல ஒண்ணு செவ்வந்தி பொண்ணோடது."

"அப்ப இத்தினி நாளா எர்ரர் ஒண்ணும் வர்லியே?"

"மொத வரியப் பாருங்க சார். 'எந்தத் தப்பு வந்தாலும் வெளிய சொல்லாத'ன்னு கட்டளை போட்டு வெச்சிட்டுப் போயிருக்காரு."

எழுதியவர்மேல் இருசப்பனுக்கு முதன்முறையாக மரியாதை பிறந்தது. நிர்வாகம் தெரிந்தவர்.

"நான் தனியா ஒரு நகல் எடுத்து அதுல சரி பண்ணிட்டேங்க சார். பத்து நிமிஷ வேலை. நீங்க ஒப்புதல் கையெழுத்துப் போட்டா ஏத்திடலாம். எல்லா விண்ணப்பமும் இன்னிக்கே நகந்துடும்."

பொறுப்பற்ற அதிகாரியாக இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பார். இருசப்பன் கூட்டம் போட்டார்.

கூட்டம் செவ்வாயன்று நடந்தது. விதிகள் அனைத்தையும் நாக்கு நுனியில் வைத்திருக்கும் உதவியாளர் பெரியநாயகி நடவடிக்கைக் குறிப்பு எழுதினார். பொருள் ஒன்று: புதிதாக வந்துள்ள துணைப்பொதி என்ன பதவி நிலையில் உள்ளது?

"பச்சையில எழுதுது, அதனால கெசட்டெட் ரேங்க்குங்க சார்," என்றார் பெரியநாயகி. "சிவப்புல கோடு போடுது, அதனால ஆடிட்டு. ரெண்டும் ஒருத்தரே பாக்கக் கூடாதுங்க. ரூல் இருக்குது."

"பணியில சேர்ந்த அறிக்கை குடுத்துச்சா?"

"இல்லீங்க சார். டாக்டர் சர்ட்டிபிகேட்டும் இல்ல."

"மேடம், அது ஆளே இல்ல," என்றாள் தங்கமணி.

"ஆளே இல்லன்னா எப்பிடிம்மா ஆட்சேபணை எழுப்பும்?" என்று கேட்டார் இருசப்பன். பதில் சொல்ல முடியாத கேள்விகளை எழுப்புவதில் அவருக்கு நிகர் அவரே.

கீழ்நிலை ஊழியர் தப்பைக் கண்டால் உரிய வழியாக, மேலதிகாரிக்கு, நீல மையில் தெரிவிக்க வேண்டும். நேரடியாகத் தப்பின் அடியிலேயே கோடு போடுவது ஒழுங்கீனம் என்று தீர்மானமாயிற்று. மூன்று நாளில் விளக்கம் கேட்டுத் துணைப்பொதிக்குக் குறிப்பாணை அனுப்பப்பட்டது. அனுப்பப்பட்டது என்றால், அச்செடுத்து மானிட்டரின் மேல் ஒட்டப்பட்டது.

செவ்வந்தி ஊருக்குத் திரும்பவில்லை. ஏறி இறங்குவதற்கே பொழுது போய்விடும் என்று சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினமும் காலையில் வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். மடியில் கமலாவின் மதிப்பெண் பட்டியல், பிளாஸ்டிக் உறைக்குள்.

வியாழக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின், இருசப்பன் தங்கமணியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சிவப்புக் கோட்டின்மேல் மவுஸ் அம்பை வைத்தார். சின்னப் பெட்டி ஒன்று விரிந்தது. 'இங்கே அனுப்பச் சொல்லும் இடம் எங்குமே இல்லை' என்ற பொருளில் அது சொன்னது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதையேதான் சொன்னது. அவருக்குப் புரிந்தது. முதல் நாளே புரிந்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், 'பரிசோதித்தேன், பிழை ஏதுமில்லை' என்று நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இந்த மென்பொருளை ஏற்றுக்கொண்டவர் அவர்தான். இப்போது திருத்த ஒப்புதல் கொடுத்தால், அப்போது பரிசோதிக்கவில்லை என்று ஆகும். இதுவோ பதவி உயர்வுப் பட்டியல் வர இருக்கும் மாதம்.

படியில் செவ்வந்தி இருமுவது கேட்டது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு நொடிப் பலவீனத்தை நாம் மன்னிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம் மறுபடி கூடியது.

"விளக்கம் வந்துச்சா?"

"கேக்கும்போதெல்லாம் பழைய பதிலையே சொல்லுதுங்க சார். கொஞ்சங்கூட மாத்திக்கல," என்றார் பெரியநாயகி. "கீழ்ப்படியாமை. மொதல்ல சஸ்பெண்டு பண்ணிடலாம். ஆனா பாதிச் சம்பளம் குடுக்கணுங்க."

"அதுக்குச் சம்பளமே இல்லியே!"

"அப்ப பாதி கரண்டு குடுக்கலாங்க."

தங்கமணி எழுந்து நின்றாள். "சார், மணி நாலரை. ஒரே ஒரு கையெழுத்து. படியில ஒரு பொம்பள அஞ்சு நாளா குந்திக்கினு இருக்குது சார். நீங்க செவப்ப எடுத்தாலும் தப்பு அங்கியேதான் இருக்கும்."

"இருக்கட்டும்மா. தெரியாம இருக்கட்டும்," என்றார் இருசப்பன்.

நாலு ஐம்பதுக்குத் துணைப்பொதி பணியிலிருந்து நீக்கப்பட்டது. திரையிலிருந்து வண்ணங்கள் போயின. சிவப்புக் கோடும் போயிற்று. ஆயிரம் வரியும் பழையபடி கறுப்பில், ஒரே அந்தஸ்தில், ஒற்றுமையாக ஊர்ந்தன. 'மென்பொருளில் கண்டறியப்பட்ட பிழைகள்: இல்லை' என்று அன்றே மேலிடத்துக்கு அறிக்கை போனது. ஐந்து மணிக்கு மண்டியில் ஷட்டர் இறங்கியது. செவ்வந்தி உறையை மடியில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பிழையே இல்லாத பிரிவு என்பதை மேலிடம் மெச்சியது. பட்டியல் வந்தது. பெயர் இருந்தது. இருசப்பன் கெசட்டெட் அதிகாரியானார்.

பதவி ஏற்ற காலையில் புது ரீஃபில் போட்டு, பதினோரு வருடப் பேனாவின் மூடியைத் திறந்தார். முதல் கையெழுத்து எதில் போடுவது என்பதில் பெரியநாயகிக்குக் குழப்பமில்லை. துணைப்பொதியின் நீக்கத்தை நிரந்தரமாக்கும் ஆணை தயாராக இருந்தது. இருசப்பன் மூச்சைப் பிடித்துப் பெயரை எழுதினார். அடியில், கண்ணாடிமேல் பழகியதைவிட அழகாக, பச்சையில் நெளிநெளியாக ஒரு கோடு இழுத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

நிமிர்ந்தால் எதிரே செவ்வந்தி நிற்கிறாள்.

"பொண்ணு இன்னாம்மா பண்ணுது?" என்று கேட்டார். நல்ல நாளில் ஏழைகளை விசாரிப்பது பண்பு.

"மரவள்ளி புடுங்குதுங்க. அந்த சீட்டு வேற யாருக்கோ போயிடுச்சாம்." அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "நான் சான்றிதழுக்கு வர்லீங்க. இத்தினி பேரு இருக்கிற ஆபீசுல, எங்க காயிதமெல்லாம் எங்கியும் போவலன்னு ஒருத்தருதான் நெசத்த சொன்னாராமே. தங்கமணி அம்மா சொன்னாங்க. அவரப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"அவரு... இப்ப வேலையில இல்லம்மா."

"ஐயோ! ஏங்க? இன்னா பண்ணாரு?"

"செவப்புல, நெளிநெளியா கோடு போட்டாரு."

"எங்கங்க போட்டாரு?"

"தப்புக்கு அடியில," என்று இருசப்பன் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

செவ்வந்தி மேஜையைப் பார்த்தாள். மை காயாத ஆணை. குனிந்து, அந்தப் பச்சை நெளிகோட்டின் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இது உங்க பேருங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப அவரு சும்மா போவலீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "போறப்ப கலரு மாத்தி இங்கியும் ஒண்ணு போட்டுட்டுத்தான் போயிருக்காரு."