ஒரு ஜீப் நிறையச் சிபாரிசு

படித்தவர்கள் செய்கிற தப்புகளிலேயே ஆபத்தானது, தங்கள் வேலையை வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி விளக்குவதுதான். சுத்தமாகப் புரியாவிட்டால் ஒரு கெடுதலும் இல்லை. பாதி புரிந்தால்தான் வினை. சேலத்தில் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வு அறையில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டே நான் தெரிந்துகொண்டது இது.

எங்கள் குடும்பத்தில் படிப்பு என்று ஒன்றை முடித்த முதல் ஆள் நான். கிளியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா நிழல்மரங்களைக் கவாத்து செய்கிறார், அம்மா பழம் பறிக்கிறார். இருவருக்கும் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது நான்தான். (இதை எல்லோரிடமும் சொல்வேன். கேட்காதவர்களிடம் இரண்டு தடவை சொல்வேன்.) கணினிப் படிப்பு முடித்துவிட்டு, ஏற்காட்டில் ஒரு பள்ளி நூலகத்தில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. மென்பொருள்களுக்குச் செய்முறைக் குறிப்பு எழுதும் வேலை. திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. வரும்போது ஏதாவது ஒரு திறமூல மென்பொருளின் குறிப்பில் நாம் செய்த திருத்தம் ஒன்றைக் காட்ட வேண்டும். அது ஏற்கப்பட்டிருந்தால் வேலை பாதி கிடைத்த மாதிரி.

திறமூல மென்பொருள் என்றால் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிழை கண்டால் யாரும் திருத்தி அனுப்பலாம். ஏற்பதும் தள்ளுவதும் அதன் பராமரிப்பாளர் கையில். எங்கள் பள்ளி நூலகத்தில் நான் நிறுவியது அப்படிப்பட்ட ஒன்றுதான். அதன் நிறுவல் குறிப்பு, முதலில் புத்தக விவரங்களை ஏற்றச் சொல்லிவிட்டு, அவற்றைச் சேமிக்கும் இடத்தை அதற்கப்புறம் உருவாக்கச் சொன்னது. அலமாரி வாங்கும் முன்பே புத்தகத்தை அடுக்கச் சொல்வது மாதிரி. தட்டுத்தடுமாறி உண்மையைக் கண்டுபிடித்த நான், அந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றி அனுப்பினேன். இரண்டே வரிதான். ஆனால் அன்று நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், ஏதோ புது மலைப்பாதையே போட்டுவிட்டு வருகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அதோடு நின்றேனா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பக்கத்தின் இணைப்பைப் போட்டேன். மஞ்சக்குட்டையில் ஜீப் ஓட்டும் செல்வராசு மாமா, அப்பாவின் தங்கை வீட்டுக்காரர். அவருக்கு அந்தத் தளத்தில் ஒரு கணக்கே தொடங்கிக் கொடுத்தேன், என் திருத்தத்துக்கு ஒரு கட்டைவிரல் போடட்டும் என்று. (லைக் ஆசை யாரை விட்டது.) போனில் பேசினால் அதுவே எழுத்தாகிவிடும் என்பதையும் அவருக்குக் காட்டிக்கொடுத்தேன்.

அப்பா கேட்டார், "இதுல யாரு கண்ணு உனக்கு வேலை குடுக்கறவரு?"

நான் பெருமையாக விளக்கினேன். "அதை ஒரு எஸ்டேட்டுன்னு வெச்சுக்கங்கப்பா. அதுல ஒரு ரைட்டர் இருக்கறாரு. நான் எழுதுனதை அவரு சரின்னு ஏத்துக்கிட்டாத்தான் எனக்கு இங்க காரியம் ஆகும்."

எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் ஆபீசில் பேர் பதிகிறவர், வேலை பிரிக்கிறவர், வீட்டுக் கூரை ஒழுகினால் மனு வாங்குகிறவர். தனி ஆளாகப் போனால் அவர் தலை நிமிர மாட்டார். அதனால் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளே மொத்தமாகக் கிளம்பிப் போய் ஆபீஸ் வாசலில் நிற்கும். கத்துவதில்லை, சண்டை போடுவதில்லை. சும்மா நிற்போம். காரியம் நடக்கும். இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு நான் ஏன் 'ரைட்டர்' என்று சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை பராமரிப்பாளரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: 'நன்றி. பழைய பதிப்பிலும் இந்த வரிசை சரியாக வருகிறதா என்று பார்த்தீர்களா?'

இப்போது படித்தால் எவ்வளவு மரியாதையான கேள்வி. அன்றைக்கு எனக்கு அது, போய்ப் படித்துவிட்டு வா என்று சொன்ன மாதிரி இருந்தது. நான் பார்த்திருக்கவில்லை என்பதுதான் கோபத்துக்கு உண்மையான காரணம். மத்தியானம் சோற்றைத் தள்ளி வைத்தேன். அம்மா என்னவென்று கேட்டதற்கு, "ரைட்டர் ஏத்துக்கலம்மா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அத்தையோடு பேசப் போகிறார் என்று நினைத்தேன். அத்தையோடுதான் பேசியிருக்கிறார். அத்தை மாமாவோடு பேசியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போனேன். மூலையில் கிடந்த பழைய கணினியில் பழைய பதிப்பைப் போட்டேன். நடுவில் கரண்ட் போனது. வந்தது. மறுபடி போனது. சன்னலுக்கு வெளியே மூடுபனியில் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. உள்ளே நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்கு முன் பழைய பதிப்பு ஓடிவிட்டது. என் வரிசை சரிதான். பதில் எழுத, சிக்னல் கிடைக்கிற பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

பக்கம் திறந்தது. என் இரண்டு வரித் திருத்தத்துக்குக் கீழே முப்பதுக்கு மேல் பதில்கள். எல்லாம் தமிழில். எல்லாம் மாமாவின் கணக்கிலிருந்து.

'வணக்கமுங்க ரைட்டரய்யா. நானு மஞ்சக்குட்டை ஜீப் செல்வராசுங்க. இது எங்க மச்சான் மவளுங்க. பாத்து செய்யுங்க.'

'ஊட்டுல புள்ள சோறு திங்கலீங்க.'

'காப்பித்தூளு நல்லதா இருக்குதுங்க. அட்ரஸ் சொன்னா அனுப்பி உடறோமுங்க.'

'எனக்கு இந்தப் புள்ளையத் தெரியாதுங்க. ஜீப்புல வந்தனுங்க. நல்ல புள்ளையின்னு சொல்றாங்க. செஞ்சு குடுத்துருங்க.'

எல்லாவற்றுக்கும் அடியில் பராமரிப்பாளரின் அறிவிப்பு: 'இவை இயந்திரம் அனுப்பும் குப்பைச் செய்திகள் போலத் தெரிகின்றன. இந்த உரையாடல் பூட்டப்படுகிறது.' என் பதிலை எழுத வேண்டிய இடத்தில் ஒரு சிறிய பூட்டுப் படம். கையில் சரியான விடை இருக்கிறது, சொல்ல வாய் இல்லை. விடிந்தால் நேர்முகம்.

மாமா ஸ்டாண்டில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க எதிரில் போய் நின்றேன்.

"ஏனுங் மாமா இப்பிடிப் பண்ணுனீங்க?"

"ரைட்டருகிட்ட ஒத்த ஆளாப் போயி எப்பக் கண்ணு காரியம் ஆயிருக்குது? ஜீப்புல கெழக்கால சீட்டு, மேக்கால சீட்டு, ஏறுன ஒருத்தரையும் உடல. எல்லாரையும் பேச வெச்சுட்டேன்."

"உங்களை மிசினுன்னு நெனச்சுப் பூட்டிட்டாங்க மாமா."

அவர் துடைப்பதை நிறுத்தினார். என் வேலை போய்விடும் என்பதைவிட அதுதான் அவருக்கு வலித்தது. "என்னையப் போயி மிசினுங்கறதா? இரு, இன்னொரு டிரிப் போட்டுட்டு வாரேன்." அந்தப் போனைப் பிடுங்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் போனை எடுத்துப் பார்த்தேன். பூட்டு அப்படியே இருந்தது.

தேர்வு அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த மேடம் என் பக்கத்தைச் சுவரில் இருந்த பெரிய திரையில் திறந்தார். அவர்கள் வெளிநாட்டுக்காரர்களாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். மூவரும் சேலத்துக்காரர்கள். மேடம் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். காப்பித்தூள் வந்ததும் ஓரத்தில் இருந்தவர் இருமுகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டார். கடைசிப் பதிலில் மேடத்தின் குரல் தணிந்தது. அதை நான் பஸ் ஸ்டாப்பில் பார்க்கத் தவறியிருந்தேன்.

'சாமி, நானு அவ அம்மாளுங்க. அவ கோவக்காரிங்க. ஆனா வேலையில பொய் சொல்ல மாட்டாளுங்க.'

மேடம் திரையை மேலே நகர்த்திப் பராமரிப்பாளரின் கேள்வியைக் காட்டினார். நான் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் உங்களை வேண்டாம்னு சொல்லலையேம்மா. ஒரு கேள்விதானே கேட்டிருக்கார்?"

"ஆமாங்க மேடம். அதுக்கு நேத்து விடையும் கண்டுபிடிச்சுட்டேனுங்க. சொல்றதுக்குள்ள பூட்டிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இத்தனை பேரு?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டிய இடம் அது. எனக்குள் இருந்த கோவக்காரி விடவில்லை. "எங்க ஊர்ல ஒரு காரியம் ஆகணும்னா கூட்டமாத்தானுங்க போவோம். இங்க அப்படி வரக்கூடாதுன்னு அவங்க குறிப்புல எங்கயும் போடலீங்க. முழுசாப் படிச்சுட்டுத்தான் சொல்றேனுங்க. அது குறிப்போட குறைங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். வெகுநேரம் என்னைப் பார்த்தார். (இரண்டு நொடி இருக்கலாம்.) "அப்ப அந்தக் குறையைத் திருத்தி அனுப்புங்க. ஒரு வாரம் பாக்கறேன்."

மலை ஏறும் பஸ்ஸிலேயே எழுதினேன். பங்களிப்பவர்களுக்கான குறிப்பில் சேர்க்கச் சொல்லி மூன்று வரிகள்: பராமரிப்பாளர் கேள்வி கேட்டால் அது மறுப்பு அல்ல, பதில் சொன்னால் போதும். வேறு யாரும் வந்து பரிந்துரைக்கத் தேவையில்லை. அன்பளிப்புகள் வேண்டாம். கூடவே, நடந்தது அத்தனையையும், பழைய கணினியில் கண்ட முடிவையும் விளக்கி ஒரு கடிதம்.

அந்த வாரம் வீட்டில் யாரும் என் போனைத் தொடவில்லை. மாமா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மூன்று வரிகளும் ஏற்கப்பட்டன, பூட்டுத் திறந்து அந்த இரண்டு வரிகளும் ஏற்கப்பட்டன. கீழே ஒரு குறிப்பு: 'மாமாவிடம் என் மன்னிப்பைச் சொல்லவும். மூன்றாவது வரியை ஏற்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.'

வேலை கிடைத்தது. உலகத்துக்கே ஒரு சட்டம் தன்னால்தான் வந்தது என்று மாமா ஜீப்பில் ஏறுகிறவர்களிடம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் யாராவது எதற்காவது சிபாரிசுக்குக் கிளம்பினால், "பாத்துப் போங்க, பூட்டிருவாங்க" என்று அம்மா வழியனுப்புகிறார்.

போன மழைக்கு எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. படித்தவள் முறையில் செய்கிறேன் என்று, எஸ்டேட் ஆபீசுக்குப் படங்களோடு ஒரு மனு எழுதி, தனியாகப் போய்க் கொடுத்தேன். ரைட்டர் தலை நிமிரவில்லை. மழை நிற்கவில்லை. கடைசியில் மாமா ஒரு ஜீப் ஆட்களோடு போய் ஆபீஸ் வாசலில் சும்மா நின்றார். மறுநாள் தகரம் வந்து இறங்கியது.

மாமா என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. "அந்தச் சட்டத்துல இன்னொரு வரி சேத்துப்போடு கண்ணு," என்றார். "ஏற்காட்டுக்கு மட்டும் இது செல்லாதுன்னு."